நெருக்கடிக் காலமும் இளைஞர் குரலும்: தாழ்வுபாட்டிலிருந்து ஒரு நோக்கு

ஒரு சமுதாயம் இடருற்றுக் கிடக்கும் காலத்தில் அதன் இளைஞர் என்ன செய்கின்றனர் என்னும் வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. ஆயுதம் ஏந்துகின்றனர் என்பது ஒன்று. ஊரைவிட்டுப் போய்விடுகின்றனர் என்பது மற்றொன்று. எங்கள் வடபுலத்தைப் பொறுத்தவரையில் இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே, கையில் ஒரு கொப்பியையும் பேனையையும் வைத்துக்கொண்டு, அல்லது அதுவுமின்றி வாயில் ஒரு பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தவர்களும் உளர். அவர்களைப் பற்றி எழுதுவதே என் நோக்கம். அவ்வாறு எழுதப் புகும்போது, நூல்களிலும் மேடைகளிலும் பெயர் பதித்தவர்களோடு எங்கும் பெயர் பதியாத ஒருவரையும் சேர்த்தே பேச வேண்டியவளாக உள்ளேன். அவர் என் தாய்மாமன்.

தாழ்வுபாடு மன்னார்த் தீவின் தெற்குக் கரையில், மன்னார்க் குடாக்கடலை நோக்கி அமைந்த ஒரு மீனவக் கிராமம். மன்னார்ப் பட்டினத்திலிருந்து சைக்கிளில் அரைமணி நேரத்திற் போய்விடலாம். மணல், பனை, வாடிகள், கரையில் இழுத்துவிட்ட வள்ளங்கள், நடுவே கோயில். பேராதனையிலே "எந்த ஊர்?" எனக் கேட்பவர்களுக்கு ஊர்ப்பெயரைச் சொன்னால் விளங்குவதில்லை. மன்னார் என்றால், "மடுவுக்குப் பக்கமா?" என்பார்கள். மடு எங்களுக்குப் பாலத்தைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கின்றது. எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது கடல் ஒன்றுதான். எங்கள் ஊரவர் காற்றைப் பெயர் சொல்லி அழைப்பர்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். எந்தக் காற்று எழுந்தது என்பதைப் பொறுத்தே அன்றைய உலையில் என்ன கொதிக்கும் என்பது தீர்மானமாகும். இத்தகைய ஓர் ஊருக்கு இலக்கியம் வந்தது நூலகத்திலிருந்தன்று, கோயில் முற்றத்திலிருந்து.

அம்முற்றத்தில் எழுந்த குரல்கள் இரண்டு. ஒன்று கூத்து. மற்றது தவக்காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம்.

மன்னார்க் கத்தோலிக்கரின் கூத்து மரபு பற்றி இச்சங்கத்தாருக்கு நான் அதிகம் கூற வேண்டியதில்லை. பேராதனையில் விரிவுரையாளராயிருந்து பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகிய சு. வித்தியானந்தன், 1964இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும், 1966இல் மூவிராசர் நாடகத்தையும், 1967இல் ஞானசவுந்தரி நாடகத்தையும் பதிப்பித்தார். அண்ணாவிமாரின் கையெழுத்துப் பிரதிகளிற் கிடந்தவை அவ்வாறுதான் அச்சேறின. 'எம்பரதோர்' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இங்கு உண்டு. பேரரசன் என்பதற்கான போர்த்துக்கேயச் சொல் அது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர்களின் சொல் எங்கள் மத்தள ஒலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. வந்தவன் மொழியையும் தாளத்துக்குள் அடக்கிவிடுவது கூத்தின் இயல்பு. ஆதலால், தம் காலத்து அல்லல்களையும் அதற்குள் அடக்கிவிடலாம் என்று எங்கள் ஊர் இளைஞர் சிலர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் கூத்துக்கு இரவு வேண்டும். மன்னாரில் நாடகம் எனப்படுவது இரண்டு, மூன்று இரவுகள் தொடர்ந்து ஆடப்படுவது. அதனைச் சுருக்கி ஓரிரவில் முடியும்படி அமைத்ததே வாசகப்பா. முன்னோரே காலத்துக்கேற்பக் குறுக்கிக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. எனினும் எவ்வளவு குறுக்கினாலும் ஓரிரவாவது வேண்டும். விளக்கு ஏற்றி, பாய் விரித்து, குழந்தைகளை மடியிற் கிடத்தி, விடிவெள்ளி தோன்றும் வரை ஊர் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் இரவு. 1984 டிசெம்பர் 4ஆந் திகதி மன்னார்ப் பகுதியிற் பொதுமக்கள் பலர் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம், 1985 ஜனவரியில், தீவுக்கு எதிரே பெருநிலக்கரையிலுள்ள வங்காலையின் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரடங்கும் மீன்பிடித் தடையும் மாறிமாறி வந்தன. விளக்குகள் மாலையிலேயே அணைந்தன. "இரவு எங்கட கையை விட்டுப் போட்டுது, பிள்ளை. பிறகு எப்பிடிக் கூத்து?" என்பார் என் அம்மம்மா. போர் எங்கள் கலைக்கு என்ன செய்தது என்பதைப் பற்றி நான் வாசித்த ஆய்வுக் கட்டுரைகள் எவற்றிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தைக் கண்டதில்லை.

மாமா 1967இற் பிறந்தவர். 1982இல், பதினைந்து வயதில், ஞானசவுந்தரியாக வேடங் கட்டினார். பெண் வேடத்தை ஆண்பிள்ளைகளே ஆடிய காலம் அது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட பெண்ணின் புலம்பலை அவர் பாடியபோது, பெண்கள் பக்கத்தில் ஒருவரும் கண் துடைக்காமல் இருக்கவில்லை என்று இன்றும் ஊரிற் சொல்லுவர். கைகளை முதுகுக்குப் பின்னே மறைத்துக் கட்டிக்கொண்டு ஆட வேண்டிய வேடம் அது. வெறும் முகத்தாலும் குரலாலும் துயரைச் சொல்லப் பழகியவர் அவர்.

கூத்து நின்றபின் அவர் சும்மா இருக்கவில்லை. கூத்துப் பாட்டுகளின் மெட்டுகளை வைத்துக்கொண்டு புதிய சொற்களைக் கட்டினார். கடலுக்குப் போவதற்குப் 'பாஸ்' வாங்க வரிசையில் நின்ற கதை ஒரு பாட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் எஞ்சின் கரையிற் கிடந்தது மற்றொன்று. சோளகத்திற் கடல் கொந்தளித்ததனால் அன்று தடை விதித்தவருக்கும் விதிக்கப்பட்டவருக்கும் ஒரே நட்டம் என்று கேலி செய்யும் பாட்டும் உண்டு; அதனைக் கேட்டால் இன்றும் சிரிப்பு வரும். இரவு இல்லாமற்போனதால் இவை பகலிற் பாடப்பட்டன. வலை பொத்தும்போது நாலைந்து பேர் சேர்ந்து தாழ்ந்த குரலிற் பாடுவராம். மத்தளம் இல்லை, ஆட்டம் இல்லை. கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். 1992இல் ஒருநாள், காற்று அமர்ந்திருந்த ஒரு நாளில், கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. என்ன நேர்ந்தது என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. அடுத்த கிழமை அம்மம்மா அந்தக் கொப்பியை அடுப்பில் வைத்தார். எஞ்சியிருந்த பிள்ளைகள் நால்வர். கொப்பியை எவர் கண்டாலும் எவருக்கோ பிடிக்காத ஒரு பாட்டு அதில் இருந்தது. எரிப்பதற்கு முன் அதனை அவர் வாசித்தாரா என்று கேட்டேன். வாசிக்கத் தேவையிருக்கவில்லையாம். எல்லாம் மனத்தில் இருந்தனவாம்.

வியாகுலப் பிரசங்கத்தைப் பற்றி இனிக் கூற வேண்டும். நான் சொல்ல விரும்பும் கருத்து அதிலேதான் தங்கியுள்ளது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல செய்து, 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் இயற்றியது அது. இயேசுவின் பாடுகளை ஊரவர் ஒருவர் மாறி ஒருவர் இழுத்த இராகத்தில் வாசிப்பர். உரைநடைதான், ஆயினும் எவரும் அதனை உரைநடையாக வாசிப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியும் அழுகையைப்போல் வளைந்து கீழிறங்கும். போர்க்காலத்தில் கூத்து நின்றது; இது நிற்கவில்லை. கோயிலுக்குள், மாலை வேளையில், ஆண்டுதோறும் வாசிக்கப்பட்டது. ஊரிற் செத்தவர்களுக்காகவும் காணாமற்போனவர்களுக்காகவும் வாய்விட்டு அழுவதற்கு இடமில்லாதிருந்த ஆண்டுகளில், வியாகுல மாதாவுக்காக அழுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு ஊரார் தங்கள் பிள்ளைகளுக்காக அழுதனர். அதனை எவரும் தடுக்க இயலாது.

இவ்வளவோடு நின்றால் அது ஆறுதல் மட்டுமே. ஆனால் பாடுகளின் புலம்பல் மரபுக்கு வேறொரு முகம் உண்டு. அது யூதாசையும் பிலாத்துவையும் குற்றஞ்சாட்டிவிட்டு அமைதியடைவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவனை நோக்கித் திரும்புகின்றது. இந்த ஆணிகளை அடித்தது உன் பாவமன்றோ என்று அவனையே கேட்கின்றது. அழுகின்றவனையே கூண்டில் ஏற்றும் அழுகை இது. சமய நோக்கில் இதனை மனத்தாபம் என்பர். நான் இதனை இலக்கிய நோக்கிற் பார்க்கின்றேன். ஒப்பாரி இழந்தவரைப் பாடும். பரணி வென்றவரைப் பாடும். எதிரியை ஏசும் பாட்டுகளுக்கும் நம்மிடையே பஞ்சமில்லை. 'நாம் என்ன செய்தோம்?' என்று கேட்கும் பாட்டு அரிது. நெருக்கடிக் காலத்து இளைஞர் எழுத்துகளுள் எவை நிலைத்தன என்று எண்ணிப் பார்க்கும்போது, இந்த அரிய கேள்வியைக் கேட்டவையே என் மனத்தில் முன் வந்து நிற்கின்றன.

இடையே ஒன்று. மன்னாரில் 1544இல் புதிதாக மதம் மாறிய ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். எங்களுக்கு அவர்கள் வேதசாட்சிகள், சங்கிலி கொடுங்கோலன். பேராதனைத் தமிழ்த்துறையின் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1956இல் வெளியிட்ட 'சங்கிலி' நாடகத்திலோ அவன் அந்நியரை எதிர்த்த வீரன். நல்லூரில் சங்கிலியன் பெயரில் ஒரு சிலை உண்டு. இவ்விரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வளர்வது எளிதன்று. ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு: நம்மொழி பேசுகின்றவன் என்பதனால் மட்டும் ஒருவன் நீதிமானாகிவிட மாட்டான் என்பதை எங்கள் தீவுப் பிள்ளைகள் சிறு வயதிலேயே, அரசியல் எதுவும் தெரியாமலே, கோயிற் பாடத்திற் கற்றுக்கொள்கின்றனர். கற்றதைப் பயன்படுத்துகின்றோமா என்பது வேறு வினா.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். மாமா வலையோரத்திற் பாட்டுக் கட்டிய அதே ஆண்டுகளில் அங்கே அவருடைய வயதினர் பெரிய அளவில் எழுதிக்கொண்டிருந்தனர். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நிகழ்வை எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையிற் பாடினார். 1960இற் பிறந்த சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்' 1983இல் நூலாகியது. குருநகர்க் கரையிலிருந்து வந்த அ. யேசுராசா 1975 முதல் 'அலை' என்னும் சஞ்சிகையை நடத்திவந்தார். கடற்கரைப் பிள்ளையொருவர் தம் சஞ்சிகைக்கு வேறெந்தப் பெயரை வைப்பார்! பலஸ்தீனக் கவிதைகளை 1981இல் நுஃமான் தமிழிலே தந்தபோது, தம் நாட்டை எழுதுவதற்கான ஒரு மொழியை இளைஞர் அவற்றிற் கண்டனர். 1985இல் 31 கவிஞர்களின் கவிதைகளைக் கொண்ட 'மரணத்துள் வாழ்வோம்' வெளிவந்தது. அதே ஆண்டு, குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாண்ட 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றனர். கவிதைகளை மேடையில் நிகழ்த்திக் காட்டும் கவிதா நிகழ்வுகளும் நடைபெற்றன.

இவற்றில் ஒரு பொதுத்தன்மையைக் காண்கின்றேன். எல்லாம் குறுகியவை. விடியும்வரை ஆடிய கூத்தின் இடத்திற்கு மாலைப்பொழுதில் ஆடி முடியும் நாடகம் வந்தது. நாடகத்துக்கும் இடமில்லாதபோது ஒரு பக்கத்துக் கவிதை வந்தது. புதுக்கவிதையின் தோற்றத்திற்கு இலக்கியக் காரணங்கள் பல கூறப்படுகின்றன, அவை தக்கனவே. எங்கள் நாட்டில் அது செழித்ததற்கு, ஓடும்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடிய வடிவம் அது ஒன்றே என்பதும் ஒரு காரணமாகலாம்.

அக்காலத்தில் எழுதப்பட்டவை யாவும் சிறந்தவை என்று நான் கூறமாட்டேன். பழைய சஞ்சிகைகளை நூலகத்திற் புரட்டும்போது 'எழுக', 'விடியும்', 'குருதி' என்னும் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அவற்றை எழுதியவர்களின் உணர்ச்சி பொய்யன்று. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதியதிலிருந்து பிரித்தறிய இயலவில்லை. கூட்டத்திற் கோஷம் எழுப்புபவனுடைய குரல் கூட்டத்தின் குரலாகிவிடுகின்றது. அது கோஷத்துக்குப் பலம், கவிதைக்குப் பலவீனம்.

1986இற் சித்திரலேகா மௌனகுருவின் முயற்சியால் யாழ்ப்பாணத்திற் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' வேறு வகையானது. பத்துப் பெண்களின் கவிதைகள் கொண்ட சிறிய நூல். எங்கள் ஊர்க் கூத்திற் பெண்ணின் புலம்பலை ஆண் பாடினான். கோயிலில் மாதாவின் புலம்பலையும் பெரும்பாலும் ஆண்களே வாசித்தனர். பெண்ணுக்கு விடப்பட்டது செத்த வீட்டு ஒப்பாரி ஒன்றே. அப்பின்னணியிலிருந்து வந்த நான் இந்நூலை முதலாம் வருடத்திற் படித்தபோது, மேடைக்குக் கீழே பாயில் இருந்தவர்கள் எழுந்து பேசத் தொடங்கியது போலிருந்தது. அவர்கள் அரசையும் கேள்வி கேட்டனர், வீட்டையும் கேட்டனர். தங்களுக்காகப் போராடுவதாகக் கூறியவர்களையும் கேட்டனர். அப்பத்துப் பேருள் மசூறா ஏ. மஜீட் என்ற முஸ்லிம் பெண்ணும் உண்டு, சிவரமணியும் உண்டு.

சிவரமணி 1968இற் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். 1991 மே 19ஆந் திகதி, இருபத்து மூன்று வயது நிறையுமுன், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அதற்கு முன் தம் கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டார். பிறரிடம் இருந்த பிரதிகளிலிருந்து மீட்கப்பட்டவையே 1993இல் 'சிவரமணி கவிதைகள்' எனும் சிறு நூலாயின. அவருடைய மரணத்தை ஒரு காவியமாக்கிப் பேசுவோர் பலர். எனக்கு அது உடன்பாடன்று. அவர் எழுதிய கவிதைகளே நாம் போற்ற வேண்டியவை. அவர் இறந்த விதமன்று. அச்சம் நிறைந்த ஓர் ஊரில் குழந்தைகள் எப்படி வளர்கின்றனர், சந்தேகம் எவ்வாறு நட்புக்குள் நுழைகின்றது என்பவற்றை இருபது வயதில் அவர் கண்டு எழுதினார். அவர் காட்டிய அச்சம் எதிரியினால் மட்டும் வந்ததன்று.

செல்வி அதே பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவர். 'தோழி' என்னும் பெண்கள் இதழை நடத்தியவர். 1991 ஓகஸ்ட் 30ஆந் திகதி விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார். 1992இற் சர்வதேச 'பென்' அமைப்பு அவருக்கு விருது வழங்கியது. விருதைப் பெற அவர் வரவில்லை, வரவேயில்லை. தன் பக்கத்தாரை நோக்கிக் கேள்வி கேட்பதற்கு எவ்வளவு விலை என்பதை இவ்விருவரின் வரலாறு காட்டும். எதிரியைத் திட்டிப் பாடியவனுக்கு ஊரிலே கைதட்டல் கிடைத்தது. கூண்டைத் தன் பக்கம் திருப்பியவளுக்கு அது கிடைக்கவில்லை.

சோவியத் நாட்டில் அன்னா அக்மதோவா தம் 'ரெக்குவியம்' கவிதையைத் தாளில் வைத்திருக்க அஞ்சி, நம்பிக்கையான தோழியர் சிலரை மனப்பாடம் செய்யச் சொல்லி, எழுதிய தாளைத் தீயிலிட்டார் என்று அறிகின்றோம். 1963இல் அது அச்சிலே வந்தது, அதுவும் வெளிநாட்டில். அதைப் படித்தபோது எனக்கு லெனின்கிராட் நினைவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டு அடுப்பே வந்தது. அம்மம்மா ஐந்தாம் வகுப்புப் படித்தவர். அக்மதோவாவின் பெயரைக் கேள்விப்பட்டவரல்லர். இருந்தும் ஓர் எழுத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதில் இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்.

இன்றைய இளைஞர் எழுதுகின்றார்களா என்று விரிவுரையாளர் ஒருவர் வகுப்பிற் கேட்டார். எழுதுகின்றனர். எங்கள் தீவின் தெற்குக் கரையோரத்தில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் மன்னாரில் மக்கள் போராட்டத்தில் இறங்கியபோது, இளைஞர் பலர் முன்னின்றனர். பதாகை எழுதினர்; பாட்டுக் கட்டினர்; கைத்தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பினர். பெயர் சொல்லி அழைத்த காற்றையே பிறர் வந்து விலைபேசும் காலம் இது; அதனைப் பாடவேண்டியதுதான். இரவும் எங்கள் கைக்குத் திரும்பி வந்திருக்கின்றது. ஆயினும் நான் கேட்ட பாட்டுகளிற் பல, பழைய சஞ்சிகைகளில் நான் கண்ட அதே 'எழுக'வையே எழுப்புகின்றன. குற்றம் யாவும் வெளியிலிருந்து வருவதாகவே அவை கூறுகின்றன. காணியை விற்றவர் யார் என்று கேட்கும் பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை.

எங்கள் கலைப்பீடத்திலே எனக்கு ஒரு தோழி இருக்கின்றாள். புத்தளத்தில் பிறந்தவள், ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் எருக்கலம்பிட்டி என்பாள். எருக்கலம்பிட்டியும் எங்கள் தீவிலேதான் இருக்கின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை, 70,000க்கு மேற்பட்டோரை, வெளியேற்றினர். மன்னார்த் தீவு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்குப் போயினர். அவளுடைய உம்மம்மாவும் அப்படிப் போனவர். சாவிக்கொத்தை இடுப்பிற் செருகிக்கொண்டே வள்ளம் ஏறினாராம். கதவைப் பூட்டியதாகவே அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று தோழி சொன்னாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்த் தவக்காலத்து அழுகையில் அவர்கள் இல்லை. செத்த எங்கள் பிள்ளைகளுக்காக அழுதோம். மடுவிற் செல் விழுந்து இறந்தவர்களுக்காக அழுதோம். பக்கத்து ஊர் ஓரிரு நாளில் வெறுமையானதற்காக எவரும் இராகம் இழுத்ததாக நான் கேட்டதில்லை. நம் பாவத்தைக் கேட்கும் மரபை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாயில் வைத்திருந்த ஊர் அது. வாய் திறந்தால் உயிர் போகும் என்ற அச்சம் அன்று உண்மையானது. அதனை மறுக்க வீட்டில் பாதுகாப்பாக இருந்து எழுதும் எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒருவர் பாடியிருக்கிறார். கொப்பியில் எவருக்கோ பிடிக்காத ஒரு பாட்டு இருந்தது என்று மேலே கூறினேன். அது இதுதான்.

மாமாவின் பாட்டுகளில் ஏழு அம்மம்மாவின் நினைவில் உள்ளன. ஆறினைச் சென்ற விடுமுறையில் அவர் பாட நான் எழுதிக்கொண்டேன். ஏழாவதைக் கேட்டபோது முதலில் மறுத்தார். "அதை எழுதி என்ன செய்யப்போறாய், பிள்ளை?" என்றார். பல்கலைக்கழகத்தில் எருக்கலம்பிட்டிப் பிள்ளை ஒருத்தி என்னோடு படிக்கிறாள் என்றேன். நெடுநேரம் பேசாமலிருந்து, பின் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஞானசவுந்தரியின் புலம்பல் மெட்டிலே மெல்லத் தொடங்கினார். நான்கு அடிகள் கொண்ட பாட்டு அது. தெற்கே போகும் வள்ளங்களை எண்ணுகின்றது முதலடி. இரண்டாவது அடி கரையில் நிற்பவர்களை எண்ணுகின்றது. கைகள் இருந்தும் இல்லாதவர்களாய் நின்றவர் யார் என்று மூன்றாவது கேட்கின்றது. விரட்டியவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களைப் பாடியிருந்தால் ஒருவேளை ஆபத்துக் குறைவாக இருந்திருக்கும். அது எல்லோருக்கும் தெரிந்த சேதி.

இம்மூன்று அடிகளையும் தோழிக்குச் சொன்னேன். அவள் உடனே ஒன்றும் கூறவில்லை. அடுத்தநாள் சாப்பாட்டு வேளையில், "உங்கட பாட்டில எங்கட வள்ளத்தை எண்ணினவர், எத்தினை எண்டு சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். உம்மம்மா வந்த வள்ளத்தில் முப்பது பேர் இருந்தனராம். எத்தனை வள்ளங்கள் என்று வீட்டில் எவருக்கும் தெரியாதாம். நாலாவது அடியில் இருக்குமோ என்று கேட்டாள்.

நாலாவது அடி மறந்துபோய்விட்டது என்கிறார் அம்மம்மா. மறக்கவில்லை என்கிறார் அம்மா. உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்குத் தோழியும் என்னோடு தாழ்வுபாட்டுக்கு வருவதாக இருக்கின்றாள்.